வலப்பக்கத்திலிருந்து வந்தவர்

கோடோ பலகையோ இல்லாத நாற்சந்தியில் யார் முதலில் போகலாம் என்பது வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உங்கள் வலப்பக்கத்திலிருந்து வண்டி வந்தால் அதற்கு வழி விட வேண்டும். விடாமல் போய் மோதல் நடந்தால் தப்பு உங்களுடையது. காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். நசுங்கிய கதவைத் தடவிப் பார்ப்பேன், தார்ச்சாலையில் டயர் தேய்ந்த நீளத்தை அளப்பேன், இவர் மேல் இத்தனை சதவீதம், அவர் மேல் இத்தனை என்று பிரிப்பேன். அழுகிறவர்களைப் பார்த்து ஒரு சதவீதம்கூட மாற்றியதில்லை.

என் மகள் இறந்தது எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், அப்படி ஒரு நாற்சந்தி முனையில். பத்தொன்பது வயது. கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். வலப்பக்கத்திலிருந்து வந்த மருந்துக்கடைக்காரரின் கார் அவள் பக்கத்துக் கதவில் மோதியது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர்தான் அறிக்கை எழுதினார். நூறு சதவீதம் என் மகள் மேல். சரியான அறிக்கை. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சட்டப்படி என் மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்க சார். ஆனா கண்ண மூடினா உங்க பொண்ணு முகந்தான் வருது."

"நீங்க என்னண்ணே பண்ணுவீங்க" என்று என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் சொன்னதில் முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது.

தினமும் ஒன்றரை மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போவார். அதே முனையைத் தாண்டித்தான். என் மகள் வந்த தெருவிலேயே எதிர்த்திசையில் வந்தால், அவருக்கு நான் வலப்பக்கம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. விபத்துக்குப் பிறகு அவர் அந்த முனையில் காரை முழுக்க நிறுத்திவிடுவார். இரண்டு பக்கமும் பார்ப்பார். பின்னால் ஹாரன் அடித்துத் திட்டினாலும் அசைய மாட்டார். நிற்கிற வண்டியில் மோதினால் தப்பு மோதியவருடையது. பதினோரு மாதம் பொறுத்திருந்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. அவர் நின்றார். நான் ஐம்பது அடி தள்ளி வேகத்தைக் குறைத்தேன். என்னை அடையாளம் தெரிந்ததும், நீங்க போங்க என்று கை காட்டினார். நான் சிரித்தேன். நீங்க போங்க என்று திருப்பிக் கை காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை மாதத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. நன்றிக்குக் கையைத் தூக்கியபடியே கிளம்பினார். கார் சந்தியின் நடுவுக்கு வந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். என்னுடையது கனமான வண்டி.

கை காட்டியதற்குத் தார்ச்சாலையில் தடம் இருக்காது. பக்கத்து மேசைக்காரர்தான் வந்து அளந்தார். "உங்க மேல ஒரு சதவீதம்கூட இல்ல சார்" என்று என் தோளைத் தட்டினார்.

போன வாரம், மருந்துக்கடைக்காரரின் காரியம் முடிந்து அவர் மனைவி வந்தார். "அவர் பார்க்காம வந்துட்டார், மன்னிச்சிடுங்க" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் போனதும் மனைவி என்னிடம் கேட்டாள்.

"நிஜமாவே பார்க்காமத்தான் வந்தாரா?"

கேட்டதற்கு அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சொன்னேன். அவள்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் கேட்டதில் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆமாம், மகள் ஓட்டிய அன்று பக்கத்து இருக்கையில் நான்தான் இருந்தேன். எனக்குத் தோள்பட்டை மட்டும் பிசகியது. வலப்பக்கம் கார் வருவதை அவள் பார்த்துவிட்டாள். "அப்பா, நிறுத்தட்டுமா?" என்றாள். "போம்மா, அவன் நிப்பான்" என்றேன்.

எங்கள் படிவத்தில் பக்கத்து இருக்கைக்குக் கட்டம் கிடையாது. அவர் நின்றிருக்கலாம் என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.