வயரைப் பிடுங்கிய மேடம்

தாம்பரத்தில் பஸ் ஏறியதும், முன்சீட்டுப் பெண்மணியை நாசவேலைக்காரி என்றே நம்பிவிட்டேன். "ஹால் நெறைய ஆளுங்க இருக்கும்போதே வயரைப் புடுங்கிட்டேன்க்கா" என்றால் வேறென்ன நினைப்பது? போலீசுக்கு நூறு அழுத்தினேன். பேசத் தைரியமில்லாமல் போனைத் தயிர்சாதப் பைக்குள் போட்டேன்.

அந்தப் பெண்மணிக்குப் பக்கத்திலிருந்தவர் கேட்டார்: "உங்க காலேஜ் நெட்வொர்க் திறப்பு விழாவுலயா? ஏன்டி?"

"ரெண்டாவது இன்டர்நெட் லைன் வேஸ்ட்டு, எடுத்துடுன்னு பிரின்சிபால் சொல்லிட்டாருக்கா. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தானா எடுத்துக்கும்னு காட்டணும்ல? மதுரைலேருந்து ஒரு புரொபசர் ஸ்கிரீன்ல பாடம் எடுத்துட்டிருந்தாரு. மெயின் லைனைப் புடுங்கிட்டேன்."

"ஐயோ, படம் நின்னுச்சா?"

"நிக்கல. ஆடக்கூட இல்ல."

"அப்போ ஒரே கைதட்டல்தான்!"

"கைதட்டல் எங்கக்கா! புடுங்கினதே யாருக்கும் தெரியல. மதுரைக்காரர் பாட்டுக்குப் பேசிட்டே இருக்காரு. பிரின்சிபால் எங்கிட்ட வந்து, 'எப்பம்மா புடுங்கப் போறே?'ங்கறாரு."

"நீ என்ன சொன்னே?"

"கையில இருந்த வயரைக் காட்டினேன்."

பிரின்சிபால் வயரைப் பார்த்தாராம், ஸ்கிரீனைப் பார்த்தாராம். ரெண்டாவது லைன் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.