தூரத்து மலையும் ஞாயித்துக்கிழமை போனும்

தமிழா நீங்க? நெனச்சேன். அம்மாகிட்ட போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. இந்த ஊர்ல கராடிப் பக்கம் வேலையா? நாங்க கட்கி ஏரியா. எங்க தாத்தா காலத்துலயே ஊர விட்டு இங்க வந்தாச்சு. பேரு ஆட்ரி. உக்காருங்க, உங்க சென்னை ப்ளைட் லேட்டுன்னுதான் போட்டிருக்கான்.

நானா? எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போக வந்தேன். நார்மன்னு பேரு. அண்டார்டிகாவுலேருந்து வராரு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். நம்ம கவர்மெண்ட் ரிசர்ச் ஸ்டேஷன் அங்க இருக்குல்ல, அதுல ஜெனரேட்டர் மெக்கானிக். போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு.

கஷ்டமா? அரே, மொதல்ல வித்தியாசமே தெரியல. கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுசன் வீட்டுல பேசினதயெல்லாம் ஒரு டிபன் டப்பாவுல அடைச்சிடலாம். உப்பு கம்மி. சாவி எங்க. அவ்வளவுதான். தங்கமான மனுசன், பேச்சுதான் வராது. நானும் அலுத்துப் போயி டிவியப் போட்டுக்குவேன்.

அங்க போனப்புறம், ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்தா போன் வரும். சாப்டியா, அங்க மழையான்னு கேட்டுட்டு வெச்சிடுவாரு. அப்புறம் ஒரு வாரம், ஆட்ரி, தூரத்துல ஒரு மலை தெரியுதுன்னாரு. ஐஸுக்கு மேல மொனை மட்டும் கருப்பா நீட்டிட்டு இருக்குமாம். ஸ்டேஷன்ல யாருக்கும் அதோட பேரு தெரியாதாம். இன்னிக்கு நீலமா இருந்துச்சு, இன்னிக்குக் காத்துல காணாமப் போச்சுன்னு வாரா வாரம் சொல்லுவாரு. நம்ம ஊர்ல இருக்குற பார்வதி மலையக்கூட நான் அப்படிப் பாத்ததில்ல.

நடுவுல ரெண்டு மாசம் சூரியனே வரல. அப்ப அவர் கொரலே சரியில்ல. நான்தான் கட்கி பஜார் கதையெல்லாம் சொல்லிட்டிருப்பேன். திரும்ப வெளிச்சம் வந்தப்ப, மொதல்ல அந்த மொனையிலதான் ரோஸ் கலர்ல பட்டுச்சாம். நீ பக்கத்துல இருந்திருக்கணும் ஆட்ரின்னாரு. அன்னிக்கு ராத்திரி டிவியே போடல நான், அதையே நெனச்சிட்டு இருந்தேன். இந்த வயசுல, பாருங்களேன்.

எப்ப வராருன்னா கேக்குறீங்க? வந்துட்டாரே. அந்தத் தூணுகிட்ட தாடியோட, ட்ராலியப் புடிச்சிட்டு நிக்கிறாருல்ல, அவர்தான். கால் மணி நேரமா நிக்கிறாரு. என்னப் பாத்துட்டாரு, நானும் பாத்துட்டேன். கிட்டப் போனா பழையபடி பேச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்கு. அவருக்கும் அதே பயந்தான் போல.

இருங்க, போன் அடிக்குது. அவர்தான்.

ஹலோ? ம்... நீங்க நிக்கிறது தெரியுது, நல்லாத் தெரியுது. வெச்சிடாதீங்க. பேசிக்கிட்டே வாங்க.