மார்னியின் மூன்றாவது தொகுப்பு

சந்தோஷமாக இருப்பவர்களின் கவிதையைப் பதிப்பிப்பதுபோல் தலைவலி வேறில்லை, ஷெரீஃப். மின்னசோட்டாவில், இரும்புக்கடை மாடியில் உட்கார்ந்து இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

மார்னி லுன்ட்க்விஸ்ட்டின் முதல் தொகுப்பு அவளுடைய அம்மா செத்த வருடம் வந்தது. விமர்சகர்கள்கூட அழுதார்கள், அவர்களுக்கு அது பழக்கமில்லை. அதன்பின் ஆறு வருடம் ஒரு வரி இல்லை. நாய் வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். ஒருநாள் நான் அவள் தோட்டத்துப் படலைத் திறந்துவிட்டேன். பக்கத்திலேயே நெடுஞ்சாலை. இரண்டாவது தொகுப்புக்கு மாநில விருது கிடைத்தது. நாய்க்கு வயதாகிவிட்டிருந்தது, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஆர்லனைக் கல்யாணம் செய்துகொண்டாள். சாலையில் பனி வாரும் வண்டிகளைப் பழுதுபார்ப்பவன். நல்ல மனிதன், அதுதான் சிக்கல். போன அக்டோபரில் இருவருமாக வந்து மூன்றாவது தொகுப்பை என் மேசையில் வைத்தார்கள். எழுபது கவிதை. அதில் பதினொன்று பூசணிக்காயைப் பற்றி.

“எப்படி இருக்கு வெண்டல்? மறைக்காமச் சொல்லு,” என்றாள்.

“பூசணிக்கா நல்லா வெளைஞ்சிருக்கு,” என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆர்லன் என் தோளைத் தட்டினான். “எனக்குக் கவிதையெல்லாம் புரியாதுப்பா. ஆனா இவ பாடிக்கிட்டே எழுதுறா. கேக்க நல்லாருக்கு.”

பாடிக்கொண்டே எழுதுகிறாளாம். யார் வாங்குவது?

குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும், ஆர்லன் பனியில் துளையிட்டு மீன் பிடிப்பான். ஓடை வந்து கலக்கும் இடத்தில் மட்டும் பனி மெலிந்திருக்கும்; ஊர்க்காரர்கள் அங்கே சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கொடிகள் ஆறையும் பிடுங்கினேன். என் கார் டிக்கியில்தான் கிடக்கின்றன. பிறகு அவனுக்கு ஃபோன் செய்தேன்.

“ஓடைப் பக்கம் மீன் அள்ளுதாம்.”

“அப்படியா! உனக்கும் ரெண்டு கொண்டாறேன்பா,” என்றான்.

அடக்கத்தன்று மார்னி என் கையை விடவே இல்லை. “இனிமே எனக்கு நீ மட்டுந்தான், வெண்டல்,” என்றாள். ஏப்ரலுக்குள் நாற்பது கவிதை அனுப்பினாள். ஒன்றில்கூடக் காய்கறி கிடையாது. படித்துவிட்டு நானே அழுதேன்.

ஆமாம், ஆர்லனை நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் வாழ்க்கையில் நான் தலையிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அவளைக் கேட்காமல் ஒரு காற்புள்ளியைக்கூட நான் மாற்றியதில்லை.