இறக்கிக் கட்டிய சுருதி

தம் உரையைச் சுருக்கமாக முடித்து என் மதிப்பைப் பெற்றுவிட்ட தலைவர் அவர்களே, அன்று எங்களைக் கண்டித்ததை மறந்து இன்று முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவந்த தாய்மார்களே, கணவரை நம்பாமல் பிள்ளைகளையும் தூக்கிவந்த தாய்மார்களே, பாட்டுக் கேட்க வந்து பேச்சில் மாட்டிக்கொண்ட இளையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

பொறுங்கள், பாட்டு உண்டு. கிடார் தயார். டிரம் தயார். கீபோர்டு வாசிக்கும் கிழவி நான்தான், நானும் தயார். தயாராகாதவள் ஒருத்திதான். எங்கள் பாடகி அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். உங்களிடம் நான் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதை நீங்கள் எப்படி ஏற்கிறீர்கள் என்று பார்த்துத்தான், மேடைக்கு வருவதா, வீட்டுக்குப் போவதா என்று முடிவு செய்வாளாம். ஆகவே என் பேச்சை ரசிக்க வேண்டாம், கவனித்தால் போதும்.

பெண்கள் நால்வர் சேர்ந்து ராக் இசைக்குழு தொடங்கியபோது இந்த நகரம் என்ன சொன்னது? வீண்வேலை என்றது, வெட்கக்கேடு என்றது, வாரம் தாங்காது என்றது. முதல் கச்சேரிக்கு ஒலிபெருக்கிகளை நாங்களே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம். அரங்கின் மேலாளர் படியில் நின்று கேட்டார்: "வாசிக்கிறவங்க எப்பம்மா வருவாங்க?"

எங்கள் டிரம்மர், பிற்காலத்தில் பிரசவ வார்டு நர்ஸாகி ஊரையே அதட்டியவள், மூச்சு வாங்கச் சொன்னாள்: "வந்துட்டாங்க சார். நீங்கதான் வழியில நிக்கிறீங்க."

அன்று பாட்டின் நடுவே மின்சாரம் போனது. கிடார் ஊமையானது, கீபோர்டு உயிரைவிட்டது. "டேப்பு நின்னுபோச்சுடோய்" என்று ஒருவன் கூவினான். திரைக்குப் பின்னால் ஆண்கள் வாசித்த டேப் ஓடுவதாகவே பலர் நம்பியிருந்தார்கள். டிரம் நின்றதா? நிற்கவில்லை. பாடகி நின்றாளா? நிற்கவில்லை. மைக் இல்லாத அந்தக் குரல் இருளைக் கிழித்து ஏறியது. ஏறி உச்சத்தைத் தொட்டது. தொட்டு, இறங்க மறுத்து, அங்கேயே நின்றது. கூவியவன்தான் உட்கார்ந்தான். இசைத்தட்டில் நீங்கள் கேட்டு வளர்ந்தது அந்த உச்சத்தைத்தான். ஆமாம் அம்மா, அதே பாட்டுதான்.

பிறகு பிரிந்தோம். பெரிய சண்டையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறலாம். ஒருத்திக்கு வேலை மாற்றம், ஒருத்திக்கு மாமியார், எனக்கு முனைவர் பட்டம். மூன்றும் ஏறக்குறைய ஒரே நோய்.

இந்த ஆண்டு, கிடார்க்காரியின் கார் ஷெட்டில் மறுபடி கூடினோம். உச்சத்தை நெருங்கும்போதெல்லாம் பாடகியின் குரல் உடைந்தது. சுருதியை இறக்கலாமா என்று கேட்டேன்.

"இறக்கினா நான் வரல. ஜனங்க பழைய பாட்டைக் கேக்கத்தான் வர்றாங்க," என்றாள்.

மற்ற மூவரும் கூடி ஆலோசித்தோம். மூன்று புத்திசாலிகள் கூடினால் ஒரு முட்டாள்தனம் உறுதி. அவளிடம் சொல்லாமல் கிடாரின் கம்பிகளைத் தளர்த்தினோம். கீபோர்டையும் ஒரு கட்டை இறக்கினோம். மறுநாள் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டாள்.

"சுருதி ஏன் இறங்கியிருக்கு?"

"கம்பி பழசுடி. தானா தளர்ந்திருக்கும்," என்றாள் கிடார்க்காரி.

"கம்பி தளரும். கீபோர்டு எப்படிடி தளரும்?"

நான் கூரையை ஆராய்ந்தேன். டிரம்மர் குச்சிகளை உயர்த்தினாள்: "என்கிட்ட சுருதியே கிடையாது. என்னை விட்டுடு."

பாடகி சிரிக்கவில்லை. "தினமும் கதவைச் சாத்திக்கிட்டுப் பாடிப் பாக்கறேன். வரல. இனி வராதுன்னு உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்," என்றாள். "இறக்கினது தப்பில்ல. திருட்டுத்தனமா இறக்கினீங்க பாரு, அதான் தப்பு. திரைக்குப் பின்னால டேப்பு ஓட்டுறதுக்கும் இதுக்கும் என்னடி வித்தியாசம்?"

பழைய சுருதிக்கே திருப்ப நான் கீபோர்டில் கை வைத்தேன். அவள் தடுத்தாள்:

"சரி, இன்னொரு கட்டை இறக்கு. பாத்துடலாம்."

இறக்கினோம். பாடினாள். அவையோரே, அதை என்னவென்று சொல்வேன்? ஆழம் என்பேனா? அதிர்வு என்பேனா? அடங்காத ஆணவம் என்பேனா? ஆணவம் என்றே சொல்வேன். அது அவளுக்கு அழகு. ஷெட்டின் இரும்புக் கதவு அதிர்ந்தது. இளமையில் அந்தப் பாட்டு எங்களுக்கு வழிவிடச் சொல்லிக் கெஞ்சியது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போது அதே சொற்கள் ஆணையிட்டன. மின்சாரம் போனபோதும் தாளம் தவறாத எங்கள் டிரம்மர், அதைக் கேட்டுக்கொண்டே ஓர் அடியைத் தவறவிட்டாள்.

பாடி முடித்து அவள் சொன்னாள்: "மேடையில சொல்லிடு. மறைச்சுப் பாட மாட்டேன். கேட்டுட்டு முகத்தைச் சுளிச்சாங்கன்னா கிளம்பிடுவேன்."

சொல்லிவிட்டேன். நீங்கள் தேடிவந்த உச்சம் இன்று வராது, என்றுமே வராது. வருவது வேறொரு குரல். எங்களுக்கே புதிய குரல். வயதுக்கு வெட்கப்படாத குரல். பழையதுதான் வேண்டுமா? இசைத்தட்டு இருக்கிறது, வீட்டிலேயே கேட்கலாம். எழுந்து போக விரும்புவோர் போகலாம். வேண்டுமா, வேண்டாமா?

நடுவரிசையில் ஓர் அம்மாள் எழுகிறார். போகிறீர்களா அம்மா? என்ன சொல்கிறீர்கள்? திரைக்குப் பின்னால் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள்.

"நாங்க மட்டும் அதே சுருதியிலயா இருக்கோம்? வரச் சொல்லுங்கம்மா, நேரமாகுது."

சிரிப்பும் கைதட்டலும் கூரையைப் பிளக்கின்றன. முகம் சுளித்தவர் எவரையும் நான் காணவில்லை. என் கண்ணாடி புதியது.

திரை விலகுகிறது, வருகிறாள். பொறுமைக்கு நன்றி, போகாமல் இருந்ததற்கு அதைவிட நன்றி. மைக்கை உரியவளிடம் கொடுத்துவிட்டு, என் இடத்துக்குப் போகிறேன். வணக்கம்.