ஜனவரியில் கெட்டியாக இருந்த மேடை

— மறுபடி தட்டாதீங்க கோலெட்! தட்டித் தட்டியே உடைச்சுடுவீங்க போலிருக்கே.

— குட்டிச் சுத்தியல் தட்டி உடையும்னா, ஊர்வலம் பாக்க இருநூறு பேர் இந்த மேடையில ஏறினா என்ன ஆகும் மேயர்? கேளுங்க. டொப்பு டொப்புன்னு, காலிப் பெட்டி மாதிரி.

— என் காதுக்கு சர்ச் மணி மாதிரி கேக்குது. ஜனவரில நீங்களேதான சோதிச்சு ‘நல்ல நிலை’ன்னு எழுதிக் குடுத்தீங்க? ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன்.

— குளிர் போகட்டும், அப்புறம் சோதிக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. உடனே வேணும்னு மேசையைக் குத்தினது யாரு?

— வரலாறு காத்திருக்காதுன்னு சொன்னேன்.

— கான்கிரீட்டுல ஊறின தண்ணி ஒவ்வொரு குளிருக்கும் உறைஞ்சு, உள்ள பூரா விரிசல். ஜனவரில அந்த விரிசலை ஐஸ் அடைச்சிருந்துது. கருவி அனுப்பின ஒலி சர்ருன்னு ஓடி, கெட்டின்னு காட்டிருச்சு. இப்ப ஐஸ் உருகியாச்சு. அதே இடத்துல ஒலி நொண்டியடிச்சு வருது.

— கான்கிரீட்டுக்கு மாசத்துக்கொரு குணமா அம்மணி?

— ஏரிக்கு இருக்கே. ஜனவரில உறைஞ்சு கிடந்த அது மேல டிரக் ஓட்டிப் போய் மீன் பிடிச்சீங்க. ஏப்ரல்லயும் அதே தைரியத்துல…

— டிரக் பேச்சு வேணாம்.

— இன்னும் உள்ளதான் கிடக்கா?

— வேணாம்னேன்!

— அதோ, டிரம் சத்தம் தெருமுனைக்கு வந்தாச்சு. ஸ்கூல் பேண்டு பிள்ளைங்க மேல ஏறிக் குதிச்சுக் குதிச்சு வாசிப்பாங்க. நீங்க சொன்னாத்தான் மேடையை அடைப்பேங்கறார் போலீஸ்காரர். ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!

— ‘ஆர்வில் டாங்கன் மேடை’ன்னு என் பேர் வைக்கிற அன்னிக்கே அதை இழுத்து மூடறதா? கோலெட், தலைவன்னா நம்பிக்கை வேணும். நான் பெத்த பிள்ளைங்களையே முதல் வரிசையில உக்கார வைப்பேன், தெரியுமா?

— நிஜமாவா?

— டாங்கன் வாக்கு!

— ஏங்க, இங்கயா நிக்கிறீங்க? உங்களை எங்கெல்லாம் தேடறது?

— மார்லிஸ், அப்புறம் பேசலாம்மா.

— ஒரே நிமிஷங்க. காலையில நீங்க சொன்னபடி நம்ம பிள்ளைங்களை மேடைப் பக்கமே விடாம, எதிர்ப்புறம் புல்லுல உக்கார வெச்சுட்டேன். பேண்டு வாத்தியார் கேக்கறார், அவர் பிள்ளைங்க மேல ஏறலாமான்னு.