போலி டாக்டர் என்ற புகார்

பெயரும் முகவரியும் மேலே குறித்துக்கொண்டபடி. வயது நாற்பத்தொன்று. உளசிகிச்சை செய்து வருகிறேன்.

புகார் கொடுத்தவர், என்னிடம் சிகிச்சைக்கு வந்த எலக்ட்ரீஷியனின் அண்ணன். நான் டாக்டர் அல்ல. அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை, மருந்து எழுதியதும் இல்லை. புகார் கொடுத்தவரே ஒருமுறை என்னை டாக்டரம்மா என்றபோது திருத்தினேன், "ஏதோ ஒண்ணு" என்றார். உளவியலில் முதுகலை முடித்து, அதன் பிறகு மனநல மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி பெற்று, ஆண்கள் வார்டிலும் போதை மீட்புப் பிரிவிலும் வேலை பார்த்து, அதன் பிறகே தனியாக அறை எடுத்தேன். பயிற்சியில் நாங்களும் இன்னொரு சிகிச்சையாளர் முன் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். முதல் மாதம் முழுக்க நான் மழையைப் பற்றியே பேசினேன். இன்றும் என் மேற்பார்வையாளரைக் கலந்தே சிகிச்சை செய்கிறேன்.

எலக்ட்ரீஷியன் மனைவிமேல் சந்தேகம் என்று வந்தவர். பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் போகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். எப்போதும் கத்துகிறவர், நேற்று தணிந்த குரலில், "இன்னைக்கு அவ வேலை முடிஞ்சு வரட்டும் மேடம், முடிச்சிடறேன்" என்றார். வார்டில் கத்துகிறவர்களைவிட, திடீரென்று அமைதியாகிறவர்களுக்கே நாங்கள் பயந்திருக்கிறோம். மருத்துவமனைக்குப் போவோம், நானும் வருகிறேன் என்றேன். "ஐயோ, சும்மா சொன்னேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன், "யோசிக்காத, முதல்ல அந்தப் பொண்ணக் காப்பாத்து" என்றார். அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, மனைவியின் போன் அணைந்தே கிடந்ததால், அடுத்துச் சிகிச்சைக்குக் காத்திருந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தப் பெண் வேலை செய்யும் தையல் ஆலைக்கு வாடகைக் காரில் போனேன். சிக்னலில் கார் நின்றபோது, இறங்கி ஆலைக்கே ஓடிவிடலாமா என்றிருந்தது. ஷிப்ட் முடியாமல் கூப்பிட முடியாது என்றார் வாட்ச்மேன். அவளுடைய அக்கா என்று பொய் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

தோளில் நூல் பிசிறோடு வந்த அந்தப் பெண், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நேத்து கத்தியத் தீட்டிட்டு வந்தாரு. மொக்கையா இருக்கு, காய் நறுக்க முடியலன்னு நான்தாங்க சொல்லிட்டே இருந்தேன்" என்றார். அதன் பிறகு பின்வாசல் வழியாக அவரைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பினேன். முன்வாசலில் நின்ற கணவரைக் காவலர்கள் பிடித்தார்கள். கருவிப் பையில் கத்தி இருந்தது.

இன்று இங்கே வந்ததும் அண்ணன், "குடும்பத்தையே கெடுத்துட்டியே" என்று என்மேல் பாய்ந்தார். காவலருடன் பெஞ்சில் இருந்த எலக்ட்ரீஷியன், "விடுண்ணே. நான் சொன்னேன். செஞ்சிருப்பேன்" என்றார். பிறகு என்னிடம், "அவ எங்க?" என்றார். நன்றாக இருக்கிறார் என்றேன்.

"அது இல்ல மேடம். எங்கன்னு கேட்டேன்."

ஆகவே அந்தப் பெண் இருக்கும் இடத்தை இந்த வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது; சொன்னது உண்மை.

(ஒப்பம்)