யாரும் தொடாமலே ஓடணும்

கிட்ட வாங்க. அந்த போன் வெளிச்சத்தை அணைங்க… முகத்துல அடிக்குது. பேய்க்கதைன்னா நடுராத்திரி, சுடுகாடுன்னு ஆரம்பிக்கணும்னு யாரோ உங்களுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. இது நடந்தது மத்தியானம் ரெண்டு மணிக்கு.

என் சிநேகிதனோட பெரியப்பா பையன் ஒருத்தன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கான். சட்டைப் பையில எப்பவும் ஒரு திருப்புளி சொருகியிருக்கும். அதுவே அவனுக்குப் பேராயிடுச்சு. அன்னைக்கு வண்டியில போயிட்டிருக்கான்… ஊருக்கு வெளியில, புதுசா மனை பிரிச்சுப் போட்ட ரோடு. ரெண்டு பக்கமும் பாதி கட்டி நிறுத்தின வீடுங்க. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் ஓட்டை. தார் உருகி டயர்ல ஒட்டுது… சர்க்… சர்க்… ஒரு காக்கா கூட இல்ல. அந்த ரோட்டோட கடைசி வீட்ல அவன் அக்கா தனியா இருக்கா.

அக்கா வீட்டுக்காரர், அதான் அவனோட மாமா, செத்துப் போய் ஒண்ணரை மாசம் ஆகியிருந்தது. அன்னைக்குக் காலையில அக்கா போன் பண்ணியிருந்தா. "கேமரா திரும்புதுடா." அவ்வளவுதான்… வச்சிட்டா.

அந்தக் கேமராவைப் பத்திச் சொல்லணும். மாமா ஒரு சரக்குக் கிடங்குல மேனேஜர். எந்நேரமும் நெத்தியில தைலம் தடவியிருப்பாரு. ஆள் வர்றதுக்கு முன்னாடி அந்த வாசனை வந்துடும். ஊருக்குத் தங்கமான மனுஷன். வீட்டுக்குள்ள வந்தா சந்தேகப் பிராணி. கழுத்து திரும்புற கேமரா மூணு வாங்கி மாட்டினாரு… ஹால், சமையல்கட்டு, பின்வாசல். அதுல ஸ்பீக்கரும் உண்டு. ஆபீஸ்ல உட்கார்ந்தபடி போன்ல பார்ப்பாரு. அக்கா சோபாவுல கொஞ்சம் காலை நீட்டினாப் போதும்… ஸ்ர்ர்ர்னு கழுத்து திரும்பும். "என்ன பண்றே?"ன்னு குரல் வரும். இவ எழுந்து போய் கேமராவுக்கு நேரா நின்னு பதில் சொல்லணும். மனுஷனா அவன்?

அந்தப் படத்தையெல்லாம் வாங்கி அவர் போனுக்கு அனுப்புறது, ஹால் மூலையில இருந்த கம்ப்யூட்டர். அதுல ஒரு சர்வர் புரோகிராம். முதல்ல அது மத்த புரோகிராம் மாதிரிதான் திரையில தெரியும். ஓரத்துல இருக்கிற பெருக்கல் குறியைத் தட்டினா மூடிக்கும். கரண்ட் போய் வந்தா, யாராவது பாஸ்வேர்டு போட்டு உள்ள போய் திரும்ப ஓட விடணும். அக்கா மூச்சு விட்டது அந்த இடைவெளியிலதான். கரண்ட் வந்து ஒரு மணி நேரம் கழிச்சு, "மறந்தே போயிட்டேங்க"ம்பா.

மாமா விடுவாரா? திருப்புளியைக் கூப்பிட்டாரு. "மச்சான், யாரும் தொடாமலே ஓடணும்டா. அவளால நிறுத்தவும் முடியக்கூடாது."

நம்மாளுக்கு வேலைன்னு வந்துட்டா முன்னாடி நிக்கிற மனுஷங்க கண்ணுக்குத் தெரியாது. அந்த புரோகிராமை சர்வீஸா மாத்திட்டான். சர்வீஸ்னா… திரையில ஒண்ணுமே தெரியாது. மெஷினுக்கு உயிர் வந்ததும் அதுவும் எழுந்துக்கும். யாரும் பாஸ்வேர்டு போட்டு உள்ள வர வேண்டாம். பின்னாடி சத்தமில்லாம அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். அதோட நிறுத்தினானா? யாராவது அதைக் கொன்னா, ஒரே நிமிஷத்துல தானா மறுபடி எழுந்துக்கிற மாதிரியும் வச்சான். "கெட்டிக்காரன்டா நீ"ன்னு மாமா முதுகுல தட்டினாரு. இவனுக்கு வாயெல்லாம் பல்லு.

அக்கா வெளிவாசல் வரைக்கும் கூட வந்தா. கேமராவுக்கு எட்டாத இடம் அது. "இதை நிறுத்த வழியே இல்லையாடா?"

"உன் பாதுகாப்புக்குத்தானேக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே வண்டியை எடுத்தான். கூடப் பிறந்தவன்… கேட்டுக்கோங்க.

மூணு வருஷம் ஓடுச்சு. ஒருநாள் மாமா ஆபீஸ் நாற்காலியிலேயே சாஞ்சுட்டாரு. மாரடைப்பு. கையில போன் அப்படியே இருந்ததாம். அதுல இவங்க வீட்டுச் சமையல்கட்டு தெரிஞ்சுக்கிட்டிருந்ததாம். "கடைசி மூச்சுலயும் பொண்டாட்டியைப் பார்த்துக்கிட்டே போனாரே"ன்னு வந்தவங்க உருகினாங்க. அக்கா கண்ணுல தண்ணி வரலைன்னு அதுக்கு வேற ஒரு வாரம் பேசினாங்க.

சரி… மத்தியானம் ரெண்டு மணி. திருப்புளி உள்ள போறான். அக்கா ஹால் நடுவுல நிக்கிறா. சோபா காலியா கிடக்கு, நாற்காலி காலியா கிடக்கு… நின்னுக்கிட்டே இருக்கா.

"உட்காருக்கா."

"உட்கார்ந்தா திரும்புதுடா."

"ஆள் அசைஞ்சா தானா திரும்பும்க்கா… அந்த மாடல் அப்படி"ன்னு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தான். சர்வீஸ் எல்லாம் இருக்கிற இடத்தைத் திறந்து, மாமாவோடதைத் தேடி நிறுத்தினான். ஸ்ர்ர்… ஹால் கேமரா தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. "பார்த்தியா?"ன்னு சிரிச்சான். தண்ணி கேட்டான். அவ கொண்டு வந்து கொடுத்தா. ரெண்டு வாய் குடிச்சிருப்பான்…

ஸ்ர்ர்ர்.

தலை நிமிர்ந்துடுச்சு.

இவன் டம்ளரைக் கீழ வச்சான். அப்புறம்தான் உறைச்சது… இவன் பண்ணி வச்ச ஏற்பாடுதானே? தலையில அடிச்சுக்கிட்டு முதல்ல அதை எடுத்தான். தானா கிளம்புறதையும் தடுத்தான். புரோகிராமையே அழிச்சான். கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினான். ஸ்டூல் போட்டு ஏறி மூணு கேமரா வயரையும் பிடுங்கி, எல்லாத்தையும் கையில சுருட்டி வச்சுக்கிட்டான்.

ஒரு நிமிஷம் ஆச்சு… ரெண்டு… பத்து… ஃபிரிட்ஜ் உறுமுற சத்தம் மட்டும்தான்.

"இனிமே உட்காரலாம்க்கா."

அவ கேமராவைப் பார்த்தா. இவன் கையில இருந்த வயரைப் பார்த்தா. மெதுவா சோபாவுல உட்கார்ந்தா. அப்புறம் சாஞ்சா. அப்புறம்… ரெண்டு காலையும் தூக்கி மேல நீட்டி, கண்ணை மூடிக்கிட்டு "அப்பாடா"ன்னா. சின்ன வயசுல விளையாடிட்டு வந்து விழுவாளே, அதே மாதிரி.

"அப்பவே பண்ணியிருக்கணும்க்கா… நீ கேட்டப்பவே."

"ஆமாடா"ன்னா. கண்ணைத் திறக்கல.

அந்த நேரத்துல… தைல வாசனை.

ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. வாசனை வாசப்பக்கமிருந்து வருது… ஹாலுக்குள்ள வருது… இவனைத் தாண்டிப் போகுது. இவன் கையில வயர் இருக்கு. நாலு வயரும் இருக்கு.

ஸ்ர்ர்ர்ர்…

கழுத்து நிதானமா திரும்பி, சோபாவுக்கு நேரா நின்னுச்சு.

அக்கா கண்ணைத் திறக்கவே இல்ல. கால்தான் முதல்ல கீழ இறங்குச்சு. அப்புறம் எழுந்தா. கலைஞ்சிருந்த தலையைச் சரி பண்ணிக்கிட்டா. நேரா போய் கேமராவுக்குக் கீழ நின்னா.

"வீட்லதாங்க இருக்கேன்."

பதில் சத்தம் எதுவும் இவன் காதுல விழல. ஆனா அவ கேட்டுக்கிட்டு நிக்கிறா… தலையை ஆட்டுறா.

"தம்பி வந்திருக்கான்… ஆமாங்க, எல்லாத்தையும் எடுத்துட்டான்… சரிங்க… சொல்லிடறேங்க."

இவன் பக்கம் மெதுவா திரும்பினா. கண்ணு இன்னும் மூடியேதான் இருக்கு.

"மாமா உனக்கு நன்றி சொல்லச் சொன்னாருடா. யாரும் தொடாமலே நல்லா ஓடுதாம்."